மீனம்மாவின் கசெற்

என் கணவர் ராஜரத்தினம் மாங்குளத்தில் றேடியோ செய்கிறவர். வாங்குகிறவன்தான் இல்லை. கொழும்பிலிருந்து ஜப்பான் றேடியோப் பெட்டிகள் வந்து குவிந்த பிறகு, நாலு மாதமாக ஒன்றும் போகவில்லை. இப்படியே போனால் தையோடு கடையை விட்டுவிட்டு, யாழ்ப்பாணத்தில் அவருடைய தமையன் வீட்டில் போய் ஒதுங்க வேண்டும். நினைத்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

"பெட்டியை விட்டிட்டு, பாட்டும் கதையும் கசெற்றில பதிஞ்சு குடுங்கோவன்" என்றேன்.

"நான் பெட்டி செய்யிறவன். ஊராற்றை கதையைப் பதியிறதும் ஒரு தொழிலே?"

"ஓம், கடையில இருந்து ஈ கலைக்கிறதுதான் தொழில்."

அவர் குனிந்து ஈயத்தை உருக்கினார். பிடிவாதத்துக்குப் பரிசு வைத்தால் இவருக்குத்தான் கிடைக்கும்.

நான் சும்மா இருக்கவில்லை. அவர் வெளியே போன நேரங்களில், கடை ரெக்கோடரில், மலையகத்திலிருந்து வந்து எங்கள் ஊரில் குடியேறிய மீனம்மாவுக்குப் பதிந்து கொடுத்து வந்தேன். அவள் புருஷன் ராசு சவூதியில். கடிதத்துக்குப் பதிலாகக் கசெற்றில் பேசி அனுப்புவான். கேட்டு முடித்ததும் அதே கசெற்றில் இவள் பேசித் திருப்பி அனுப்புவாள். இன்னொன்று வாங்க வசதியில்லை. ஒரு வருடமாக அந்த ஒன்றுதான் போய்வந்துகொண்டிருந்தது.

மார்கழியில் எனக்குக் காய்ச்சல். மீனம்மா வந்தபோது அவர்தான் கடையில் இருந்தார். நான் உள்ளே பாயில் கிடந்து கேட்டுக்கொண்டிருந்தேன். கசெற்றில் ராசு, மகளுக்குப் பல் முளைத்துவிட்டதா என்று விசாரித்தான்.

"இதுக்கு மேல பதிஞ்சா அவற்றை குரல் அழிஞ்சிடும், பிள்ளை."

"தெரியும் அண்ணே. வேற என்ன செய்ய?"

"வைச்சிருக்க விருப்பமில்லையே?"

"ஆசதான்."

"கசெற்றை வைச்சிட்டு நாளைக்கு வா."

அன்று பின்னேரம், விற்கக்கூட மனமில்லாமல் வைத்திருந்த தன் கடைசிப் பெட்டியைக் கழற்றினார். அதன் உறுப்புகளை வைத்து, கடை ரெக்கோடரையும் திருத்த வந்திருந்த இன்னொன்றையும் இணைத்தார். தன்னுடைய நாதஸ்வரக் கசெற்றை அழித்து, அதில் ராசுவின் குரலைப் பிரதியெடுத்தார்.

மறுநாள் மீனம்மா அதை மூன்று தரம் கேட்டாள்.

"அண்ணே, முந்தி பேசினதும் இப்பிடி எடுக்கலாமா? புள்ள பொறந்திருக்குன்னு கேட்டு அழுதாங்களே, அது?"

"அழிச்சதை எடுக்க ஏலாது, பிள்ளை."

அவள் போனதும் அவர் கடையின் பெயர்ப்பலகையை மாற்றி எழுத இறக்கினார். "இஞ்சேரப்பா, நீர் சொன்னதுதான் சரி. இனிப் பதிவுதான்."

நான் வென்றுவிட்டேன். தை பிறந்தாலும் கடை இருக்கும். ஆனால் ராசு அழுத அந்தக் கசெற்றில், அவன் குரலுக்கு மேலே பதியச் சிவப்புப் பொத்தானை அமத்தியது நான்தான்.