சங்குக்கு ஏசி

ஷாஹுல் ஹமீது சார்ஜாவில் ஒரு பெரிய கடையின் குளிர்கிடங்கைப் பல வருடம் பார்த்துக்கொண்டவர். உலகில் கெட்டுப்போகிற எதுவும் குளிர் போதாமல்தான் கெட்டுப்போகிறது என்பது அவர் அங்கிருந்து கொண்டுவந்த தத்துவம். ஊருக்குத் திரும்பியதும் தேங்காப்பட்டணத்தில் கடலோரமாகக் கொட்டகை போட்டுத் தொட்டி கட்டினார். மணல் விரித்து, கடல்தண்ணீர் நிரப்பி, வலையில் ஏறும் புள்ளிச் சங்கின் குஞ்சுகளை வாங்கி விட்டார். வளர்த்தால் வெளிநாட்டில் நல்ல கிராக்கி. பிறகு கொட்டகைக்கு இரண்டு ஏசி மாட்டினார். படுக்கையறைக்கு இன்னும் ஒன்றுகூட மாட்டவில்லை என்பதை அவர் மனைவி சபூரா வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொன்னாள்.

மகன் நிஹாலுக்கும் குளச்சல் இர்ஷாதாவுக்கும் கல்யாணம் பேசி முடித்த அன்றுதான் வினை பிடித்தது. இரண்டு ஊர் ஜமாஅத் பெரியவர்களும் கேட்க ஷாஹுல் எழுந்து நின்று அறிவித்தார்.

"எனக்க பிள்ளைக்க கல்யாண விருந்துல எனக்க தொட்டியில வளந்த சங்குதான் வறுவலு. வாங்கின சங்கு பந்தியில ஏறாது."

சபையில் சொன்ன சொல்லாயிற்றே. சங்கு பருக்கட்டும், தேதி குறிக்கலாம் என்றார்கள். சங்கு பருக்கவில்லை. தேதி இரண்டு முறை தள்ளிப்போனது. இர்ஷாதா கடல் உயிரியல் படித்தவள். ஆராய்ச்சிக்கு எடுத்ததே சங்கைத்தான். நிஹாலிடம் ஃபோனில் கேட்டாள்.

"தண்ணி எத்தன டிகிரி?"

"இருபது. வாப்பா இன்னும் கொறைக்கப் பாக்காரு."

"யா அல்லாஹ்! அந்தக் குளுருல அது மணலுக்குள்ள பூந்து கெடக்கும், தீனி எடுக்காது. தீனி எடுக்காத சங்கு எங்க வளரும்? இருபத்தெட்டாவது வேணும். மாமாட்ட சொல்லுங்க."

"யாரு பறஞ்சதுன்னு கேப்பாரே."

"நான்தான்னு சொல்லுங்க."

சொன்னான். தேங்காப்பட்டணத்திலேயே சுவெட்டர் போட்ட ஒரே மனிதரான ஷாஹுல், கைகளைத் தேய்த்துச் சூடேற்றிக்கொண்டு பதில் சொன்னார்.

"நல்ல புள்ளதான். ஆனா நிக்காஹ் ஆகாம மாமனாருக்கு புத்தி சொல்லுகது நமக்க வழக்கம் இல்ல மக்கா. மருமவளா வந்து சொல்லட்டு, கேக்கேன்."

"எப்ப வருவா?"

"சங்கு வளரட்டு."

அவள் வரவேண்டுமென்றால் சங்கு வளர வேண்டும். சங்கு வளர அவள் சொல்வதை அவர் கேட்க வேண்டும். அவர் கேட்க அவள் மருமகளாக வர வேண்டும். இந்த வட்டத்தில் நிஹால் ஒரு மழைக்காலம் முழுவதும் சுற்றினான். இர்ஷாதா நேரில் வந்து தொட்டியைக் காட்டிப் பேசலாமென்றால், கல்யாணத்துக்கு முன் பெண் மாப்பிள்ளை வீட்டு வாசலை மிதிக்கக் கூடாது. கொட்டகை வாசலும் அதில் சேர்த்தி என்று ஷாஹுல் தீர்ப்புச் சொல்லிவிட்டார். நிஹால் ஒருநாள் ரிமோட்டின் பேட்டரியைக் கழற்றி ஒளித்தான். வாப்பா சுவர்க்கடிகாரத்தின் பேட்டரியைப் போட்டுக்கொண்டார். வீட்டில் நேரம் நின்றது, கொட்டகையில் குளிர் நிற்கவில்லை.

கடைசியில் சபூராவுக்குத்தான் பொறுமை போனது. சாயா கொண்டுபோனவள் தொட்டிக்குள் எட்டிப் பார்த்தாள்.

"நீங்க சபையில என்னவாக்கும் சொன்னிய?"

"விருந்துக்கு எனக்க சங்குன்னு."

"நிக்காஹுக்குன்னு சொன்னியளா?"

"...இல்ல."

"விருந்துன்னா நமக்க வலீமா. அது நிக்காஹ் முடிஞ்சுதானே வரும்? பள்ளியில நிக்காஹ் நடக்கட்டு. சங்கு அதுக்க பாட்டுக்கு வரட்டு. இத நம்பி இருந்தா பேரப்புள்ள வராது."

ஷாஹுல் சாயா ஆறும்வரை யோசித்தார். சொன்ன சொல்லுக்குப் பங்கம் எதுவும் தெரியவில்லை. அடுத்த வெள்ளிக்கிழமை பள்ளிவாசலில் பேரீச்சம்பழத்தோடு நிக்காஹ் முடிந்தது. வலீமாவை ரொம்பத் தள்ளிப்போட வேண்டாம் என்றார் இமாம். பாவம், அவர் சங்கைப் பார்த்ததில்லை.

இர்ஷாதா கல்யாணப் பட்டின்மேல் சால்வை போர்த்திக்கொண்டு கொட்டகைக்குள் நுழைந்தாள். ரிமோட்டை எடுத்தாள். அணைத்தாள்.

"சங்குக்கு வேக்காதா மக்கா?" என்றார் ஷாஹுல், நோயாளியின் அறைக்கு வெளியே நிற்பவரைப் போல.

"கடல்ல ஏசி இல்லையே மாமா."

சில நாளில் தண்ணீர் கடலின் சூட்டுக்கு வந்தது. மீன்துண்டு போட்டதும் மணலைக் கிளறிக்கொண்டு சங்குகள் பந்திக்கு முந்தின. மாசி கழிவதற்குள் நன்றாகப் பருத்தன. ஆனால் பங்குனி வெயில் வந்தது. தொட்டித் தண்ணீர் முப்பத்திரண்டைத் தாண்டியதும் மறுபடியும் தீனி குறைந்தது. இர்ஷாதா ரிமோட்டைத் தேடி எடுத்து மாமனாரிடம் நீட்டினாள்.

"இப்ப போடுங்க மாமா. ஒண்ணு போதும். இருபத்தெட்டு ஆனதும் நிறுத்திரணும்."

இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். "நான் முதல்லயே பறஞ்சேனா இல்லையா?"

மற்ற ஏசியைக் கழற்றச் சபூரா அன்றே ஆள் அனுப்பினாள்.

வலீமா அன்று வறுவல் இரண்டாம் பந்திக்குள் தீர்ந்தது. சங்கு எப்படி இப்படிக் கொழுத்தது என்று எல்லோரும் கேட்டார்கள்.

"எனக்க மருமவ கால் வச்ச நேரம்!" என்றார் ஷாஹுல்.

பெண்கள் பக்கத்து வாசலிலிருந்து இர்ஷாதாவுக்குப் பொறுக்கவில்லை. "கால் இல்ல மாமா, இருபத்தெட்டு டிகிரி!"

"அதத்தானே நானும் சொல்லுகேன்," என்றார் அவர், விருந்தாளிகளைப் பார்த்துப் பெருமையாக. "இருபத்தெட்டு டிகிரி உள்ள காலாக்கும்."