ஸ்பீக்கருக்குப் பத்து நாள் நிறுத்தம்

ஸ்பீக்கரின் வாயை அடைத்தது அட்மின்தான். பின்னால் ஆளாளுக்கு ஒன்று சொன்னார்கள், அதனால் இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

அட்மின் ஒரு காலத்தில் லாரி டிரைவர். மலை இறக்கத்தில் வண்டி கவிழ்ந்து வலது கால் முழங்காலுக்குக் கீழே போய்விட்டது. அதற்கப்புறம் எடைமேடையில் உட்கார்ந்து, வருகிற லாரிகளை எடை போட்டுச் சீட்டுக் கிழித்துக் கொடுக்கிற வேலை. வண்டிதான் ஓட்ட முடியாது, ஓட்டுகிறவர்களோடாவது இருப்போமே என்று போனில் ஒரு குரூப் ஆரம்பித்தார். எந்த ரோட்டில் பள்ளம், எங்கே மண் சரிந்து கிடக்கிறது என்று டிரைவர்கள் அதில் எழுதுவார்கள். அதில் பெயர் மட்டும்தான் தெரியும், ஒருத்தர் நம்பர் இன்னொருத்தருக்குத் தெரியாது. நாலாயிரம் பேர் சேர்ந்துவிட்டார்கள். நாலாயிரம் பேர் கூடின இடத்தில் ரோட்டைப் பற்றி மட்டுமா பேசுவார்கள்? சண்டை, ஜாடைப்பேச்சு, ஒருத்தன் அம்மாவை இன்னொருத்தன் இழுப்பது. அதையெல்லாம் அழித்துக்கொண்டே இருப்பார் மனுஷன்.

"ஊர்க் குப்பைய வாரி மடியில கட்டிக்கிட்ட ஆளு நீங்க ஒருத்தர்தான்" என்பாள் பெண்டாட்டி.

அந்தக் குரூப்பில் சிமென்ட் லோடு அடிக்கிற ஒருத்தன். வாயைத் திறந்தால் மூடமாட்டான், அதனால் அவனுக்குப் பெயர் ஸ்பீக்கர். யாரையும் விடமாட்டான், எதையும் விடமாட்டான். ஆனால் ரோடு விஷயத்தில் ஒரு நாளும் பொய் எழுதியதில்லை. அட்மினுக்கு அது நன்றாகவே தெரியும்.

அட்மினின் மச்சினனும் டிரைவர். ஒரு நாள் வண்டியைப் பின்னால் எடுக்கும்போது எடைமேடைச் சுவரில் கொண்டுபோய் இடித்துவிட்டான். ஸ்பீக்கர் சும்மா இருப்பானா? நசுங்கின வண்டியைப் படம் எடுத்துக் குரூப்பில் போட்டான். 'அட்மின் மச்சானுக்குக் கம்பெனிக்காரன் ரிவர்ஸ் கியர் குடுக்க மறந்துட்டான்' என்று எழுதினான். முந்நூறு பேர் சிரித்தார்கள். மறுநாளே பையனுக்கு 'ரிவர்ஸ்' என்று பெயர் நிலைத்துவிட்டது.

அக்காக்காரிக்குப் பொறுக்கவில்லை. "எந்தம்பியப் பாத்து ஊரே சிரிக்குது. நீங்கதான பெரிய அட்மினு? உங்க கை என்ன பூப்பறிச்சிக்கிட்டு இருக்கா?"

"விடுக்கா" என்றான் தம்பி, சோற்றைப் பிசைந்துகொண்டே. "அவரு எப்பவும் அப்படித்தான். நாளைக்கு டீ வாங்கிக் குடுப்பாரு."

அவள் விடவில்லை. சாப்பாட்டுத் தட்டு 'ணங்'கென்று வைக்கப்படுகிற வீட்டில் எத்தனை நாள் குடித்தனம் பண்ண முடியும்? அட்மின் ஸ்பீக்கரைப் பத்து நாள் நிறுத்தி வைத்தார்.

நிறுத்தி வைத்தால், அவன் எழுதுவது மற்றவர்கள் கண்ணில் படாது. அட்மின் போனுக்கு மட்டும் வந்து காத்திருக்கும். அவர் திறந்து பார்த்து 'விடு' என்று அழுத்தினால்தான் வெளியே போகும். முதல் இரண்டு நாள் ஸ்பீக்கர் அட்மினின் ஏழு தலைமுறையையும் திட்டி எழுதினான். மூன்றாம் நாளிலிருந்து அவர் அதைத் திறப்பதையே விட்டுவிட்டார்.

ஆறாம் நாள், மத்தியானம் இரண்டு இருபதுக்கு மச்சினன் குரூப்பில் கேட்டான்: 'தரைப்பாலம் எப்படி இருக்கு?' ஆற்றுக்கு மேலே மலையில் மழை என்று பேச்சு அடிபட்டுக்கொண்டிருந்தது. ஒரு டிரைவர் உடனே பாலத்தின் படத்தைப் போட்டு, 'தாராளமா வரலாம்' என்றான். காய்ந்து கிடந்த பாலம். காலையில் எடுத்த படம் என்று அவன் சொல்லவில்லை.

நாலு நிமிஷத்தில் அட்மினின் போன் அதிர்ந்தது. ஸ்பீக்கர் எழுதியது காத்திருக்கிறது. எடைமேடையில் ஒரு லாரி ஏறி நின்று ஹார்ன் அடித்துக்கொண்டிருந்தது. "கத்துடா, கத்து. இன்னும் நாலு நாள் இருக்கு" என்று அட்மின் அதைத் தள்ளிவிட்டார். மறுபடி அதிர்ந்தது. மறுபடியும். போனைக் கவிழ்த்து வைத்துவிட்டுச் சீட்டுக் கிழித்தார்.

நாலு மணிக்குச் செய்தி வந்தது. தரைப்பாலத்தில் மச்சினனை வெள்ளம் லாரியோடு இழுத்துக்கொண்டு போய்விட்டது. இரண்டு நாள் கழித்துத்தான் பையன் கிடைத்தான்.

குரூப் கொந்தளித்தது. படம் போட்ட டிரைவரை எல்லோரும் சேர்ந்து பிடுங்கி எடுத்தார்கள். 'நீதாண்டா கொன்ன', 'நீ வெளங்குவியா' என்று நானூறு கமெண்ட். அவன் ஒரே ஒரு வரி எழுதினான்: 'என் வீட்ல அடுப்பு எரிஞ்சு ரெண்டு நாளாச்சுங்க.' அட்மின் வசவுகளை ஒவ்வொன்றாக அழித்துக்கொண்டிருந்தார். காத்திருக்கும் பட்டியலை மட்டும் தொடவில்லை. அதில் பதினொன்று என்ற எண் அப்படியே நின்றது. பயம், வேறென்ன?

எல்லாம் முடிந்து, வந்தவர்கள் போனபிறகு, பெண்டாட்டி சுவரில் சாய்ந்தபடி கேட்டாள்.

"நாலாயிரம் பேரு இருக்கீங்களே. தண்ணி வருதுன்னு ஒருத்தன் கூடவா எழுதல?"

அட்மின் போனை எடுத்தார். பட்டியலைத் திறந்தார். பழைய வசவுகளுக்குக் கீழே, அந்த ஆறாம் நாள் ஸ்பீக்கர் எழுதியவை.

2.24: 'பாலத்து மேல தண்ணி ஏறுது. நான் இக்கரையில நிக்கிறேன். யாரும் வராதீங்க.'

2.31: 'அந்தப் போட்டோ காலையில எடுத்ததுடா. ரிவர்ஸுக்கு யாராச்சும் சொல்லுங்க. எங்கிட்ட அவன் நம்பர் இல்ல.'

2.40: 'அண்ணே, நான் பேசினது தப்பு. என்னைய ஆயுசுக்கும் தூக்கிடுங்க. இப்ப அவனுக்கு ஒரு போன் மட்டும் போடுங்க.'

கடைசியாக, 2.58: 'அக்கரையில அவன் வண்டி எறங்குது. நான் ஹார்ன் அடிச்சுக்கிட்டே இருக்கேன். அவனுக்குக் கேக்கல.'

ஒவ்வொன்றின் கீழும் 'விடு', 'அழி' என்று இரண்டு பொத்தான்கள். அழித்துவிட்டால் ஈ காக்காய்க்குத் தெரியாது. ஸ்பீக்கர் சொன்னால் யார் நம்பப் போகிறார்கள்? படம் போட்டவன் தலையிலேயே பழி கிடக்கும். பொய் சொல்வானேன், அட்மினின் விரல் 'அழி'க்கு நேரே போய் நின்றது. அடுப்பு எரியாத அந்த வீடு நினைவுக்கு வந்ததோ என்னவோ, 'விடு' என்று அழுத்தினார். பதினொரு தடவை. எழுதின நேரத்தோடு எல்லாம் வெளியே போயின. பிறகு போனைப் பெண்டாட்டியின் கையில் கொடுத்தார்.

அவள் படித்தாள். எழுத்துக்கூட்டிப் படிக்கிறவள் போல அவ்வளவு நேரம் படித்தாள்.

அவள் கையிலேயே போன் அதிர ஆரம்பித்தது. 'அட்மினே, மச்சானத் தின்னுட்டியே.' 'இவன்லாம் மனுஷனா?' ஒன்றின் மேல் ஒன்றாக வந்து விழுந்தன. எத்தனை வருஷப் பழக்கம்! அட்மினின் கை தானாகப் போனுக்கு நீண்டது, அழிக்க.

அவள் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"இருக்கட்டும், அழிக்காதீங்க. எனக்கும் சேத்துத்தான் எழுதுறாங்க."