பசி வரும் தூரம்

...முடியாவிட்டால் நில்லுங்கள் என்கிறாள் இந்தப் பெண், நிறுத்துவது இத்தனை காலம் அவருடைய வேலையாக அல்லவா இருந்தது, நடுவராக ஒரு விசில் ஊதினால் கால்பந்து மைதானமே அப்படியே நிற்கும், எவ்வளவு பெரிய ஆட்டக்காரனும் இவர் முகத்தைத்தான் பார்ப்பான்... "உங்க வேகத்துலயே நடங்க சார், மூச்சு முட்டினா நின்னுக்கலாம், தப்பில்ல," விரலில் ஆக்சிஜன் அளக்கும் கிளிப்பை மாட்டிவிட்டு அந்த இயன்முறை மருத்துவர் கூடவே வருகிறாள், தாழ்வாரம் நீளமாகக் கிடக்கிறது, இந்த முனையில் ஒரு மஞ்சள் கூம்பு, அந்த முனையில் ஒன்று, அதன் பக்கத்து நாற்காலியில் மனைவி, மடியில் சாப்பாட்டு டப்பா. எவ்வளவு தூரம் போகிறார் என்று பார்த்துத்தான் இதயத்துக்கு அடுத்து என்ன செய்வது என்று முடிவெடுப்பார்களாம். இதெல்லாம் ஒரு தூரமா? பந்தைப் பார்த்தபடியே பின்னோக்கி ஓடிய கால்கள், இப்போது முன்னோக்கி நடக்கவே யோசிக்கின்றன.

கால்களா இவை, குச்சிகள். ஆனால் எடை மட்டும் குறையவில்லை, காலையில் அதைப் பெருமையாகச் சொன்னபோது உணவு ஆலோசகர் கணுக்காலை விரலால் அழுத்திக் காட்டினார், விழுந்த குழி அப்படியே நின்றது. "இது தண்ணி சார். சதை உள்ளுக்குள்ள கரைஞ்சுக்கிட்டே இருக்கு. கொஞ்சம் கொஞ்சமா, அடிக்கடி சாப்பிடுங்க. உடம்புல தெம்பு இருந்தாத்தான் ஆபரேஷனைத் தாங்கும்." சாப்பிடலாம்தான், பசித்தால். உப்பில்லாத சாப்பாட்டைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம், பசி எங்கே போயிற்று? ஆட்டம் முடிந்து வேர்வையோடு வீட்டுக்குள் நுழையும்போதே வயிற்றைக் கிள்ளுமே அந்தப் பசி, சட்டையைக்கூட மாற்றாமல் அடுப்படியில் நின்றபடியே ரொட்டியைப் பிய்த்து, வாணலியிலிருந்து முட்டையை அப்படியே எடுத்து... "வயித்துக்குள்ள வேற யாராவது குடியிருக்காங்களா?" என்று சிரித்துக்கொண்டே இன்னொரு முட்டையை உடைப்பாள் அவள், தானும் நின்றபடியே அதே வாணலியிலிருந்து எடுப்பாள், கடைசித் துண்டுக்குச் சண்டைகூட வரும். அந்தப் பசி ஒரே ஒரு தடவை திரும்ப வந்தால் போதும்... இப்போது இரண்டு வாயிலேயே வயிறு கல்லாகிவிடுகிறது, "இன்னும் ஒரே ஒரு வாய்ங்க" என்று அவள் கெஞ்சக் கெஞ்சத் தட்டை நகர்த்திவிட்டுப் படுத்துக்கொள்கிறார், பிறகு அவள்... பிறகு அவள் என்ன செய்கிறாள்?

கூம்பை நெருங்கிவிட்டார், மூச்சு தொண்டையில் நிற்கிறது, நாற்காலியில் இருப்பவளை இப்போதுதான் பக்கத்தில் பார்க்கிறார், கழுத்தெலும்பு எப்போது இப்படித் துருத்திக்கொண்டது, ரவிக்கைக் கை யாரோ கொடுத்ததைப் போட்டுக்கொண்டது மாதிரி தொளதொளவென்று... கால்கள் தாமாக நிற்கின்றன. "சார், மூச்சு வாங்குதா? உக்காந்துக்கிறீங்களா?" இல்லை என்று தலையசைக்கிறார். மனைவி பதறி எழுந்து டப்பாவைத் திறந்து நீட்டுகிறாள், ரொட்டித் துண்டுகள், நடுவில் அவித்த முட்டை.

"நீ சாப்டியா?"

இந்தக் கேள்வியை அவளிடம் கேட்டு எவ்வளவு காலமாகிறது?

"எனக்கு இப்பல்லாம் பசிக்கிறதே இல்லைங்க," என்கிறாள் அவள், ரொம்பச் சாதாரணமாக, முட்டையை அவர் பக்கம் தள்ளியபடி.

மைதானத்தின் மறுகோடியில் ஒருவன் பொய்யாக விழுந்தால்கூடக் கண்டுபிடித்துவிடுவார். இத்தனை அருகிலிருந்தும் இது நிஜமா பொய்யா என்று அவரால் சொல்ல முடியவில்லை.