மன்னிப்பு விற்காத கடை

நீலாவதியின் அப்பாவுக்கு மலேசியாவில், சிரம்பானில் சேலைக்கடை. வந்தவள் எந்தச் சேலையை விடாமல் குறை சொல்கிறாளோ அதுதான் அவள் மனத்தில் இருக்கும் சேலை என்பது அந்தக் கடையின் பாலபாடம். லண்டனுக்கு உளப்பகுப்பாய்வு படிக்கப் போன மகளுக்கு, பேராசிரியர்கள் வருஷக்கணக்கில் சொல்லிக்கொடுத்ததும் ஏறக்குறைய அதுவே. கட்டணம்தான் கூடுதல். அங்கே சோமாலியர், வங்காளிகள், ஐரிஷ் முதியவர்கள் என்று பலரின் கதையைக் கேட்டாள். திரும்பி வந்து சீனரையும் மலாய்க்காரரையும் கேட்டாள். துக்கம் ஒரே சரக்குதான், இடத்துக்கு இடம் பொட்டலம் மாறுகிறது என்று கண்டுகொண்டாள்.

சொந்தச் சனத்திடம்தான் வியாபாரம் படியவில்லை. கோலா கிளாவாங் பக்கம் ஒரு செம்பனைத் தோட்டத்தில், அந்தக் காலத்தில் தாய்மார்கள் பிள்ளைகளை விட்டுவிட்டு வேலைக்குப் போன ஆயாக்கொட்டகையில், திங்கட்கிழமைதோறும் உட்கார்ந்தாள். ஈகூட எட்டிப் பார்க்கவில்லை.

"பைத்தியக்கார டாக்டர்னு நெனச்சிக்கிட்டிருக்காங்க லா. நான் பேசுறேன்" என்று வீடு வீடாகப் போய் ஆள் சேர்த்தவள் பெர்னதெத். தோட்டத்திலேயே பிறந்தவள். ஞாயிறு தவறாமல் மாதா கோயில். அம்மன் திருவிழா வந்தால் வெங்காயம் உரிக்க முதல் ஆள். நீலாவதி அவளையே உதவிக்கு வைத்துக்கொண்டாள். அறையின் பலகைத் தடுப்பு கூரைவரை எட்டாது. அதனால் ஆள் உள்ளே போனதும் வாசலில் ரேடியோவைச் சத்தமாக வைப்பது பெர்னதெத்தின் முதல் வேலை.

அப்படி வந்தவள்தான் பஞ்சாலை. புருஷன் செத்ததிலிருந்து அவளுக்குச் சோறு தொண்டையில் இறங்கவில்லை. மழை, கோழி, மகள் ஷாமினியை நாத்தனார் மகனுக்குப் பேசி வைத்திருப்பது என்று மாதக்கணக்கில் சுற்றிச் சுற்றி வந்தாள். நீலாவதி அவசரப்படவில்லை. போன மாதம் பஞ்சாலை வாய் திறந்தாள்.

"எத்தனையோ ராத்திரி அடிச்சு எழுப்புன மனுஷன், டாக்டர். அன்னைக்குத் தண்ணி கேட்டாரு. காதுல விழுந்துச்சு. தூங்குற மாதிரி படுத்துக்கிட்டேன். விடிஞ்சு பாத்தா போயிட்டாரு." பிறகு குரலை இறக்கினாள். "நாத்தனாருக்குத் தெரிஞ்சா எம்மக கல்யாணம் அவ்வளவுதான். வெளிய போவாதுல்ல?"

"போகாது."

அடுத்த வாரம், ஒரு பிடி சோறு தின்றதாக வெட்கத்தோடு சொன்னாள்.

இந்தத் திங்கள் வாசல் பெஞ்சில் ஒருவரும் இல்லை. எப்போதும் நின்றே பேசும் பெர்னதெத் கதவைச் சாத்திவிட்டு, வருகிறவர்கள் உட்காரும் நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"டாக்டர், இங்க உக்காந்து பேசுனா வெளிய போவாதுதானே?"

"யார் பேசினாலும் போகாது, அக்கா. சொல்லுங்க."

சேலைக்கடையில் வளர்ந்தவள் கட்டைப் பிரித்துப் பார்க்காமல் விலைக்கு ஒப்புக்கொண்டது அன்றைக்குத்தான்.

"பஞ்சாலை பேசுன அன்னைக்கு நான் ரேடியோ வைக்கல. எல்லாம் கேட்டுச்சு." பெர்னதெத் சேலை முந்தியைக் கசக்கினாள். "எங்க பாதர்கிட்ட பாவத்தச் சொன்னா, 'மன்னிச்சாச்சு, போ'ம்பாரு. உடம்பே லேசாயிரும். நீங்க என்ன பண்ணீங்க? 'ம்'னீங்க. நேரமாச்சு, அடுத்த வாரம் பாப்போம்னீங்க. வெளிய வந்து எப்படி அழுதா தெரியுமா? அம்மன் கும்புடுறவளுக்கு எங்க பாதர் ஆவ மாட்டாரு. அதான் அர்ச்சுனன் அண்ணன்கிட்ட போனேன்."

அர்ச்சுனன் வெள்ளிக்கிழமைகளில் தோட்டத்துக் கோயிலில் சாமி வந்து குறி சொல்கிறவர்.

"தனியா கூப்பிட்டு, துன்னூறு பூசி, மன்னிச்சேன்னு ஒரு வார்த்த சொல்லுங்கன்னுதான் கேட்டேன். போன வெள்ளிக்கெழம உடுக்க சத்தம் ஏறுனதும், 'தண்ணி கேட்ட புருஷனுக்கு எந்திரிக்காதவளே!'ன்னு ஊரே கேக்கக் கத்திட்டாரு. நாத்தனாரும் அங்கதான் நின்னா."

"மன்னிச்சேன்னு சொன்னாரா?"

"சொன்னாரு. அது யாரு காதுல விழுந்துச்சு? மறுநாளே கல்யாணம் வேணாம்னு ஆள் விட்டுட்டாங்க."

"அக்கா, நீங்களே அவங்ககிட்ட சொல்லிடுங்க."

"சொன்னா எம்மூஞ்சில முழிப்பாளா? நீங்களும் சொல்ல முடியாது. வாக்குக் குடுத்திருக்கீங்க." கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்து போனாள். அழுகையும் உண்மை, பேரமும் உண்மை.

கொஞ்ச நேரத்தில் பஞ்சாலை வந்தாள். உட்காரவில்லை.

"யாருகிட்ட சொன்னீங்க?"

"நான் சொல்லலம்மா."

"இந்த ரூம்ல நீங்க, நான். நான் சொல்லல. அப்ப சாமியே வந்து உக்காந்து கேட்டுச்சா?"

வாசல் பக்கம் ஒரு விரலை நீட்டினால் போதும். கடல் தாண்டி எத்தனையோ பேருக்குக் கொடுத்த அதே வாக்கைத்தான் சற்றுமுன் அந்த நாற்காலிக்கும் கொடுத்திருந்தாள். நீலாவதியின் விரல் மடியைவிட்டு எழவில்லை.

"இங்கருந்துதான் போயிருக்கு. பொறுப்பு என்னோடது."

"சாமிகூட பரவால்ல, நேரா திட்டுச்சு. நீங்க தலைய ஆட்டி ஆட்டி வாங்கி, கொண்டுபோயி வித்துட்டீங்க. கடக்காரன் மவதானே!"

அவள் வெளியேறி, வாசலில் நின்ற பெர்னதெத்தின் தோளில் சாய்ந்து உடைந்து அழுதாள். "ஒன்ன நம்பித்தானேக்கா இங்க வந்தேன்."

பெர்னதெத் அவள் முதுகைத் தடவினாள். அறைப் பக்கம் திரும்பவே இல்லை.

"படிச்சவங்க அப்படித்தான் லா. அழுவாத, வா, போவலாம்" என்று சொல்லி மோட்டார் சைக்கிளைக் கிளப்பினாள்.