உறுமிக்கு ஆடிய வயிறு

பாலித் தீவு நடனம் என்று நம்பித்தான் நாங்கள் மூன்று பேரும் பக்கத்து ஊரான பாச்சாங்குக்குப் போனோம். இன்று சொன்னால் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். அன்று எங்களுக்கு ஏற்பட்ட அதிர்ச்சி அவர்களுக்கு ஏற்பட்டிருந்தால் தெரியும்.

செங் என்ற ஊரில் ஒரு ரேடியோ தொழிற்சாலையில் ஒரே லைனில் உட்கார்ந்து வேலை பார்த்தவர்கள் நாங்கள். நான் திலகவதி. எனக்கு வலது பக்கம் பெரியநாயகி அக்கா. நாற்பதைத் தாண்டியவள், அவள் வாயைத் திறந்தால் சூப்பர்வைசரே மெல்ல நழுவிவிடுவான். இடது பக்கம் ஷாந்தினி, பள்ளிக்கூடம் முடித்த கையோடு வேலைக்கு வந்தவள். தொண்ணூற்று ஆறாம் வருஷம் அது. வருஷக் கடைசியில் ஹோட்டலில் நடக்கும் கம்பெனி விருந்தில் ஒவ்வொரு லைனும் மேடையேற வேண்டும். மற்ற லைன்காரர்கள் புதிது புதிதாக எதையாவது செய்ய, நாங்கள் மட்டும் வருஷாவருஷம் அதே கோலாட்டக் குச்சியைத் தூக்கிக்கொண்டு போய் நிற்போம். எனக்கு அது பற்றிக்கொண்டு வரும்.

"அக்கா, பாச்சாங்ல பாலி டான்ஸ் சொல்லித் தராங்களாம். பக்கத்து லைன் மெய் லிங் சொன்னா," என்று ஒரு நாள் ஷாந்தினி வந்து சொன்னாள்.

வீட்டில் கேட்டேன். என் கணவர் தனபாலன் தொழிற்சாலை பஸ் ஓட்டுகிறவர். "பாலி டான்ஸ் மரியாதையானதுதான். ஒடம்ப மூடிக்கிட்டு கண்ண மட்டும் உருட்டுவாங்க. போயிட்டு வா லா," என்றார். மாமியார் ராமாத்தாள் மட்டும் என் வயிற்றை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "ஒடம்பு வளைஞ்சா நல்லதுதான். அப்பவாச்சும் ஒரு புழு பூச்சி தங்குதான்னு பாப்போம்," என்றார்.

எனக்குக் கல்யாணமாகி ஏழு வருஷம். அந்தப் பார்வை எனக்குப் பழகிப் போயிருந்தது. கல்யாண வீட்டில், சாவு வீட்டில், பாசாரில் மீன் வாங்கும் இடத்தில், எவளாக இருந்தாலும் முதலில் என் வயிற்றைப் பார்த்துவிட்டுத்தான் முகத்தைப் பார்ப்பாள். மாமியார் சொன்னபடி மண் சோறு சாப்பிட்டேன். கோயில் மரத்தில் தொட்டில் கட்டினேன். நாட்டு மருந்து குடித்துக் குடித்து நாக்கு செத்துவிட்டது. வயிறு என்னுடையது, ஆனால் அதைப் பற்றிப் பேசாதவள் ஊரில் நான் ஒருத்திதான்.

பாச்சாங்கில் ஒரு தையல் கடைக்கு மேல்மாடியில் வகுப்பு. தலையில் பூ வைத்து, குங்குமம் இட்டு, வெள்ளைக் காலுறை போட்டுக்கொண்டு போய் நின்றோம். கதவைத் திறந்தவள் ஏமி. ஆஸ்திரேலியாவுக்குப் படிக்கப் போன இடத்தில் ஆடக் கற்றுக்கொண்டு வந்த சீனப் பெண். நெஞ்சோடு அவள் சட்டை நின்றுவிட்டது. மறுபடி துணி ஆரம்பித்தது இடுப்புக்குக் கீழேதான். அங்கே சில்லறைக் காசு போலத் தகடுகள் கோத்த ஒரு துண்டைக் கட்டியிருந்தாள். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. பெரியநாயகி அக்கா சட்டென்று ஷாந்தினியின் கண்ணைப் பொத்தினாள்.

"இது பாலி டான்ஸ்தானே?" என்று மலாயில் கேட்டேன்.

"பாலி இல்லை, பெல்லி," என்று ஏமி தன் வயிற்றைத் தட்டிக் காட்டினாள். "பெருட், பெருட்."

பெருட் என்றால் மலாயில் வயிறு. பெரியநாயகி அக்காவுக்கு மூச்சு நின்று வந்தது. "வயித்த ஆட்டுறதா? அடியே ஷாந்தினி, மெய் லிங் சொன்னப்ப காதுல என்னடி வெச்சிருந்த?"

"பஞ்சுக்கா," என்றாள் ஷாந்தினி. மிஷின் சத்தத்துக்கு நாங்கள் எல்லாருமே காதில் பஞ்சு வைத்துக்கொள்கிறவர்கள்தான்.

அப்போதே திரும்பியிருப்போம். வெளியே மழை பிடித்துக்கொண்டது. சும்மா நிற்கிறோமே என்று ஏமி எங்களைக் கண்ணாடிக்கு முன்னால் வரிசையாக நிறுத்தினாள். முழங்காலைக் கொஞ்சம் மடக்கி, குதிகாலை மாற்றி மாற்றி விரைவாக அசைக்கச் சொன்னாள். அவள் இடுப்பு அதிர்ந்தது, தோள் அசையவே இல்லை. எங்களுக்கு இடுப்பைத் தவிர மற்ற எல்லாம் ஆடின. பெரியநாயகி அக்கா சிரிப்பை அடக்க முடியாமல் தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

பிறகு ஏமி என் பக்கம் வந்து, தொடலாமா என்று கேட்டுக்கொண்டு, என் வயிற்றில் உள்ளங்கையை வைத்தாள். "இங்கேதான் பலம் இருக்கு. இங்கேயிருந்து ஆடு," என்றாள்.

எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அந்த இடத்தைப் பற்றி அதுவரை ஒருவர்கூட நல்ல வார்த்தை சொன்னதில்லை. கண்ணாடியில் என் வயிற்றை நானே நேராகப் பார்த்தது அன்றைக்குத்தான் முதல் தடவை. அடுத்த வாரமும் போனேன். மற்ற இரண்டு பேரும் என்னைத் திட்டிக்கொண்டே கூட வந்தார்கள். வீட்டில் பாலி என்று நினைத்தார்கள், பாலியாகவே இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

ஆனால் அந்த அரபுப் பாட்டு எங்களுக்குப் பிடிபடவில்லை. அது வளைந்து வளைந்து எங்கோ போகும், நாங்கள் வேறெங்கோ நிற்போம். விருந்து நெருங்கியது. இது நமக்கு ஆகாது, கோலாட்டக் குச்சியையே எடுப்போம் என்று ஷாந்தினி அழ ஆரம்பித்துவிட்டாள். பெரியநாயகி அக்காவின் கணவர் கந்தசாமி கோயில் திருவிழாக்களில் உறுமி அடிக்கிறவர். அவர் குழு வாசித்ததைப் பதிவு செய்த கேசட் ஒன்றை அக்கா மறுநாள் பையில் போட்டுக்கொண்டு வந்தாள்.

உறுமி முதல் இழுப்பு இழுத்ததும் எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. மாதக்கணக்கில் கெஞ்சியும் வராத அதிர்வு தானாக வந்தது. இடுப்பு தனியாக, தோள் தனியாக, நடுவில் வயிறு அலை அலையாக. பெரியநாயகி அக்கா அத்தனை பெரிய உடம்பை வைத்துக்கொண்டு ஒரு சுற்றுச் சுற்றி, தாளம் விழுந்த இடத்தில் இடுப்பை வெட்டி நிறுத்தினாள். ஏமி வாய் பிளந்து நின்றாள். அன்றிலிருந்து எங்கள் ஆட்டம் அதுதான். அசைவு ஏமியுடையது, அடி கந்தசாமி அண்ணனுடையது. உடைக்கு ஏமி காட்டிய சட்டையை ஓரமாக வைத்துவிட்டு, மஞ்சள் பஞ்சாபி சூட் தைத்து, அதன் மேல் சிவப்புத் துண்டைக் கட்டிக்கொண்டோம். வயிறு வெளியே தெரியவில்லை. அது ஆடுவது தெரிந்தால் போதாதா?

விருந்துக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டில் கடைசிப் பயிற்சி. மாமியார், பக்கத்து வீட்டு ஜானகி அக்காவையும் இன்னும் இரண்டு பெண்களையும் கூட்டிக்கொண்டு சுங்கை ரம்பாய் அம்மன் கோயிலுக்குக் கிளம்பியிருந்தார். என் கணவர்தான் வேன் ஓட்டிப் போனார். சாயங்காலம்தான் திரும்புவார்கள் என்று கதவைத் திறந்தே போட்டு, உறுமிக் கேசட்டைப் போட்டு ரேடியோவை முழுச் சத்தத்தில் வைத்து ஆடினோம். பின்னல் அவிழ்ந்து முடி முகத்தில் விழுந்தது. கட்ட நேரமில்லை. கண்ணை மூடிக்கொண்டேன். கால் முதல் தலை வரை அதிர, அந்த வயிறு எனக்கே எனக்கென்று இருந்தது. அப்படி ஒரு சந்தோஷத்தை நான் அதற்கு முன் அறிந்ததில்லை.

அங்கே கோயில் பக்கத்து வீட்டில் சாவாம், நடை சாத்திவிட்டார்களாம். பூசைத் தட்டு அப்படியே கையில் இருக்க, அவர்கள் மதியத்துக்கு முன்பே திரும்பிவிட்டார்கள். எனக்கு அது தெரியாது.

"ஆத்தா வந்துட்டா." மாமியாரின் குரல் கேட்டது.

கண்ணைத் திறந்தேன். உயிரே போய்விட்டது. என் காலடியில் மாமியார் விழுந்து கிடந்தார். தட்டில் கற்பூரம் எரிந்தது. ஜானகி அக்காவும் மற்ற இருவரும் கைகூப்பி நின்றார்கள். மஞ்சள் துணி, அவிழ்ந்த முடி, உறுமிச் சத்தம், நடுங்கும் உடம்பு. எனக்கு அருள் வந்துவிட்டது என்று எடுத்துக்கொண்டார்கள். வேறு எப்படி எடுத்துக்கொள்வார்கள்? ஷாந்தினி பேயறைந்த மாதிரி சுவரோடு ஒட்டிக்கொண்டாள். பெரியநாயகி அக்கா, என்னைக் காப்பாற்றுவதாக நினைத்து, தானும் கைகூப்பி, "தாயே, வாக்கு சொல்லு தாயே," என்றாள். கண்ணால் எனக்கு ஜாடை வேறு. திருநீறு பூசி அனுப்பிவிடு என்று அர்த்தம்.

நான் வாயைத் திறப்பதற்குள் மாமியார் என் கால்களைக் கட்டிக்கொண்டார்.

"தாயே, நீ எதுக்கு அவ வயித்துல வந்து எறங்கியிருக்கேன்னு எனக்குத் தெரியும். எம்மேல கோவந்தானே? கொற அவ வயித்துல இல்ல தாயே. எம் மவன்கிட்டதான். சின்னதுல பொன்னுக்கு வீங்கி வந்து வெதைக்கு எறங்கிருச்சு, புள்ள பொறக்காதுன்னு டாக்டரு சொல்லிட்டாரு. வெளிய சொல்லக் கூடாதுன்னு நாந்தான் அவன்கிட்ட சத்தியம் வாங்குனேன். தெரிஞ்சே அவள மண் சோறு திங்க வெச்சேன். என் குடும்பத்த அழிச்சிராத தாயே."

காதில் விழுந்தது, ஆனால் உள்ளே போகவில்லை. கேசட் முடிந்து டக்கென்று நின்றது. நிமிர்ந்து பார்த்தேன். வாசல் கேட்டுப் பக்கம் என் கணவர் வேன் சாவியோடு நின்றுகொண்டிருந்தார். பொய் என்று அவர் சொல்வார் எனக் காத்திருந்தேன். அவர் தலையைக் குனிந்துகொண்டார். அப்போதுதான் உள்ளே போனது.

ஏழு வருஷம். மண் சோற்றில் பல்லில் நெரிந்த மணல் ஞாபகம் வந்தது. நான் மருந்து குடித்து வாந்தியெடுத்த இரவுகளில் இந்த மனிதர் என் முதுகைத் தடவிக் கொடுத்திருக்கிறார். தெரிந்துகொண்டே தடவியிருக்கிறார். எனக்கு வந்த ஆத்திரத்தில் அந்த நேரம் நான் என்ன சொன்னாலும் எடுபட்டிருக்கும். அம்மனாக நின்று, ஊரைக் கூட்டி இரண்டு பேரும் மண் சோறு தின்னுங்கள் என்றால் தின்றிருப்பார்கள். மன்னித்தேன் என்றால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, மறுநாள் காலை எனக்கு மருந்து இடித்திருப்பார்கள். சாமியிடம் சொல்லியாயிற்று, கணக்குத் தீர்ந்தது என்று.

"எந்திரிங்க அத்தை," என்றேன். "சாமி வரல. நான்தான். திலகவதி."

மாமியார் தலையைத் தூக்கினார். என் முகத்தை, இடுப்புத் துண்டை, ரேடியோவை மாறி மாறிப் பார்த்தார். "அப்ப... இது?"

"இது டான்ஸு. வயித்து டான்ஸு. சனிக்கெழம ஹோட்டல்ல ஆடப்போறோம். சாமிகிட்ட ஒண்ணு சொன்னீங்கல்ல, அத இப்ப எங்கிட்ட சொல்லுங்க."

அவர் வாய் திறந்தது. சத்தம் வரவில்லை. ஒரு நொடிக்கு முன் அத்தனையும் கொட்டிய வாய்தான். தெய்வத்தின் காலைக் கட்டிக்கொண்டு சொல்ல முடிந்தது, மருமகள் முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியவில்லை. எனக்கு எல்லாவற்றையும்விட அதுதான் பெரிய அதிர்ச்சி.

வாசலில் என் கணவர் ஏதோ முணுமுணுத்தார்.

"கேக்கல," என்றேன். "உள்ள வந்து சொல்லுங்க. இவங்க எல்லாரும் எத்தன வருஷமா எங்கிட்ட விசேஷம் இல்லையான்னு கேட்டவங்க. அவங்களுக்கும் கேக்கட்டும்."

அவர் செருப்போடு உள்ளே வந்தார். "கொற எங்கிட்டதான், திலகா. அவகிட்ட இல்ல," என்றார், பாதி என்னிடமும் பாதி ஜானகி அக்காவிடமும். கூப்பிய கைகளை இறக்குவதா வேண்டாமா என்று தெரியாமல் ஜானகி அக்கா அப்படியே நின்றாள்.

மேற்கொண்டு என்ன செய்வது என்று எனக்கும் தெரியவில்லை. இந்த வீட்டில் இருப்பேனா, போவேனா என்பதே தெரியவில்லை. ஆனால் ஆட்டம் பாதியில் நின்றிருந்தது, சனிக்கிழமைக்குள் அது சரியாக வர வேண்டும். கற்பூரம் எரிந்துகொண்டிருந்த தட்டைக் கால் படாமல் சுவரோரம் நகர்த்தி வைத்தேன்.

"அக்கா," என்று பெரியநாயகியிடம் சொன்னேன், "கேசட்ட மொதல்லேருந்து போடுங்க."