எங்கள் வீட்டுக்குப் போட்ட மார்க்

ஒன்பது முதியோர் இல்லங்களை வரிசையாக ஃபெயில் ஆக்கியிருந்தேன். பத்தாவதையும் ஆக்கிவிடலாம் என்ற தெம்போடுதான் அன்று காலை அக்காவைச் சக்கர நாற்காலியோடு வண்டியில் ஏற்றினேன்.

பெருமைக்குச் சொல்லவில்லை, இந்த வேலையில் எனக்கு இருபத்தெட்டு வருட அனுபவம். முதியோர் இல்லங்களைச் சோதிக்கும் அரசாங்க அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவள். சொல்லாமல் கொள்ளாமல் போய் நிற்பேன். மேனேஜர் முன்வாசலில் பல்லைக் காட்டிக்கொண்டு நிற்கும்போது நான் பின்வாசல் வழியாக நுழைந்திருப்பேன். மூத்திர வாடை அடித்தால் ஒரு தப்பு. அது தெரியாதபடி பினாயில் நெடி அடித்தால் இரண்டு தப்பு. இல்லத்து ஊழியர்கள் எனக்கு வைத்த பெயர் மோப்பக்காரி. அது என் காதுக்கு வந்தபோது கோபம் வரவில்லை, சம்பள உயர்வு வந்த மாதிரிதான் இருந்தது. கையில் அறுபத்திரண்டு கேள்விகள் உள்ள படிவம் ஒன்று இருக்கும். அதில் நான் எழுதியதற்கு மறுபேச்சு கிடையாது.

அக்காவுக்கு எழுபத்தாறு, எனக்கு அறுபத்தெட்டு. அம்மா போனபோது அவளுக்குப் பதினாறு வயது. அன்றிலிருந்து எனக்குத் தலை பின்னிவிட்டதும், பின்னும்போது ஆடினால் முதுகில் நாலு வைத்ததும் அவள்தான். ஓர் அச்சகத்தில் முப்பத்தைந்து வருடம் பிழை திருத்துபவளாக இருந்தாள். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. நான் செய்துகொண்டேன். ஏழாவது வருடம் அவரைப் பறிகொடுத்துவிட்டு, ஒற்றைப் பெட்டியோடு பிறந்த வீட்டு வாசலில் வந்து நின்றேன். "வந்துட்டியா, கை கால் கழுவிட்டு வா, சாப்பிடலாம்" என்றாள் அக்கா. வேறு ஒன்றும் கேட்கவில்லை. அதற்குப் பிறகு நாங்கள் பிரிந்து இருந்ததே இல்லை.

ஆறு மாதத்துக்கு முன்னால் அவளுடைய இடது கால் மக்கர் பண்ண ஆரம்பித்தது. மூன்று முறை விழுந்தாள். மூன்றாவது முறை குளியலறையில். தூக்கப் போன நானும் வழுக்கி அவள் பக்கத்திலேயே விழுந்தேன். இரண்டு கிழவிகளும் ஈரத்தரையில் மல்லாந்து கிடந்தோம். "ஒரே வரியில ரெண்டு பிழை" என்றாள் அக்கா. அதைக் கேட்டு நான் சிரிக்க, அவள் சிரிக்க, எழுந்திருக்கவே முடியவில்லை. குளியலறைக் கதவு உள்பக்கமாகத் திறப்பது. நாங்களோ அதன் குறுக்கே கிடந்தோம். பக்கத்து வீட்டுத் தையல்காரர் சத்தம் கேட்டு வந்து ஜன்னல் கம்பியைக் கழற்றி இறங்க முக்கால் மணி நேரம் ஆயிற்று.

மறுநாள் அக்கா சொன்னாள்: "எனக்கு ஒரு இல்லம் பாரு. உன் படிவத்துல பாஸாகணும், அவ்வளவுதான்."

வீட்டோடு ஆள் வைத்துப் பார்க்காமல் இல்லை. வந்த இரண்டு பேரையும் குறை சொல்லியே ஓட வைத்த புண்ணியம் என்னைச் சேரும். நானும் கூடவே இல்லத்துக்குப் போய்விடலாமே என்றால், தானே நடமாட முடிகிறவர்களை அங்கே சேர்க்கக் கூடாது என்று விதி. அந்த விதியை எழுதிய குழுவில் நானும் ஒருத்தி. தன் வினை தன்னைச் சுடும் என்று சும்மாவா சொன்னார்கள்.

முதல் இல்லத்தில் மாடிப்படிக் கைப்பிடி ஆடியது. இரண்டாவதில் மருந்து அலமாரிக்குப் பூட்டு இல்லை. இதெல்லாம் நியாயமான ஃபெயில். போகப் போக என் நியாயம் மெலிந்துகொண்டே வந்தது. ஆறாவதில் திரைச்சீலையின் நிறம் கண்ணை உறுத்துகிறது என்று எழுதினேன். எட்டாவதில் சமையல்காரர் ஓயாமல் விசில் அடிக்கிறார் என்று எழுதினேன். "வேண்டாத பொண்டாட்டி கை பட்டாலும் குத்தம், கால் பட்டாலும் குத்தம்" என்றாள் அக்கா, என்னைப் பார்க்காமல்.

பத்தாவது இல்லம் என் வயிற்றெரிச்சலைக் கொட்டிக்கொள்ளவென்றே கட்டியது போல இருந்தது. உள்ளே நுழைந்ததும் வெயிலில் காய்ந்த துணியின் வாசனை. படியே இல்லை, எல்லாம் ஒரே மட்டம். தரை துடைத்துக்கொண்டிருந்த அம்மாளைத் தனியாகப் பிடித்தேன். மேனேஜர் சொல்வதை நான் என்றைக்கும் காதில் போட்டுக்கொண்டதில்லை. துடைப்பம் பிடிக்கிறவர்கள்தான் உண்மை பேசுவார்கள்.

"இங்க உங்க வீட்டுப் பெரியவங்களைச் சேர்ப்பீங்களா?"

"எங்க மாமியார் இங்கதாம்மா இருக்காங்க. ஏழாம் நம்பர் ரூம்."

மாமியாரைச் சேர்ப்பது வேறு, அம்மாவைச் சேர்ப்பது வேறு என்று மனதுக்குள் வாதாடிக்கொண்டே ஏழாம் நம்பருக்குப் போனேன். மாமியார் மருமகளைத் திட்டிக்கொண்டு தெம்பாக உட்கார்ந்திருந்தார். படுக்கைப்புண் இருக்கிறதா என்று குனிந்து அவர் குதிகாலைப் பார்த்தேன். "என்னம்மா தேடறே, எதையாவது தொலைச்சுட்டியா?" என்று கேட்டார். குதிகால் பளபளவென்று இருந்தது. அங்கே நின்றபோது எனக்கு வந்தது ஏமாற்றம்தான். அதை நினைத்தால் இன்றும் கூசுகிறது.

கடைசியாகக் கை கழுவும் இடத்தில் வெந்நீர்ச் சோதனை. நாற்பத்து மூன்று டிகிரியைத் தாண்டினால் வயதானவர்களின் தோல் தாங்காது. என் தெர்மாமீட்டர் நாற்பத்தொன்று காட்டியது. விருந்து வைத்து மயக்கப் பார்த்தவர்களையும், மிரட்டினவர்களையும், காலில் விழுந்தவர்களையும் பார்த்தவள் நான். இருபத்தெட்டு வருடத்தில் ஒரு பொய் எண் எழுதியதில்லை. அன்று ஐம்பத்தெட்டு என்று எழுதினேன்.

வீட்டுக்கு வந்து தேநீர் போட்டுக் கொடுத்தேன். அக்கா அதை ஓரமாக வைத்துவிட்டு, வழக்கம்போல அறிக்கையைக் கேட்டு வாங்கிக்கொண்டாள். மளிகைப் பட்டியலானாலும் சிவப்புப் பென்சிலோடுதான் படிப்பாள். இரண்டாம் பக்கத்தில் பென்சில் நின்றது. ஐம்பத்தெட்டைச் சுற்றி ஒரு வட்டம் விழுந்தது.

"இது என்ன?"

"வெந்நீர். கொதிக்குது. கையை வெச்சா வெந்துடும்."

"பக்கத்துக் குழாயில நான்தான் கை கழுவிட்டிருந்தேன். ரெண்டுக்கும் ஒரே தொட்டி. இதமா இருந்துச்சு." என் முகத்தைப் பார்த்தாள். "எழுத்துப் பிழையா, கருத்துப் பிழையா?"

அச்சகத்தில் அவள் கேட்கிற கேள்வி அது. எழுத்துப் பிழை என்றால் அவளே திருத்திவிடுவாள். கருத்துப் பிழை என்றால் எழுதினவரிடமே திருப்பி அனுப்புவாள். தாளை என் பக்கம் நகர்த்தி வைத்தாள். எனக்கு அழுகை வந்துவிட்டது.

"நீ போயிட்டா இந்த வீட்ல நான் யாரோட பேசுவேன்?" என்றேன்.

அவள் என்னை அழ விட்டாள். பிறகு, "சரி. போகல. ஆனா இந்த வீடும் உன் படிவத்துல பாஸாகணும். புதுசா ஒண்ணு எடு" என்றாள்.

சந்தோஷத்தில் எனக்குத் தலைகால் புரியவில்லை. மூக்கைச் சிந்திக்கொண்டு படிவத்தையும் அளவு நாடாவையும் எடுத்துவந்தேன். அவள் நாற்காலியைத் தள்ளிக்கொண்டே வீட்டைச் சோதிக்க ஆரம்பித்தேன்.

தரையில் மேடு பள்ளம் உண்டா? கூடத்துக்கும் சமையலறைக்கும் நடுவே ஒரு படி உண்டு. சமையலறையைக் கழுவிவிட்டால் தண்ணீர் கூடத்துக்கு வரக்கூடாது என்று அப்பா தன் கையால் போட்டது. அளந்தேன், நாலு அங்குலம். எனக்கு அது சினிமாக் கொட்டகை இருக்கை. அக்கா வேலை விட்டு வந்து அடுப்பு மூட்டும்போது நான் அதில்தான் உட்கார்ந்திருப்பேன். அன்றைக்கு அகப்பட்ட பிழைகளை ஒவ்வொன்றாகச் சொல்வாள். ஒரு கல்யாணப் பத்திரிகையில் 'குடும்பத்துடன் வருக' என்பதற்குப் பதில் 'குடும்பத்துடன் வறுக' என்று அச்சுக் கோத்துவிட்டார்களாம். "எந்த எண்ணெயில வறுக்கிறதுன்னு போடலையா?" என்று நான் கேட்டேனாம். அதை அச்சகம் முழுக்கச் சொல்லிச் சிரித்தாளாம்.

"எழுது" என்றாள் அக்கா. படி: ஆபத்து.

தரைவிரிப்பு. அச்சு மை துடைத்த பழந்துணிகளை வெளுத்துக் கிழித்து அவள் பின்னியது. பரீட்சைக்கு அதில் குப்புறப் படுத்துக்கொண்டுதான் படிப்பேன். மை வாசனை கடைசிவரை முழுசாகப் போகவே இல்லை. வேலைக்கு உத்தரவு வந்த அன்று இரண்டு பேரும் அதில் உட்கார்ந்து, அந்தக் கடிதத்தில் மூன்று பிழை கண்டுபிடித்தோம். கால் வைத்து இழுத்துப் பார்த்தேன். விரிப்பு: வழுக்கும்.

கூடத்து விளக்கு மங்கல். கட்டில் உயரம். குளியலறைக் கதவு பற்றிச் சொல்லவே வேண்டாம். எனக்கோ உற்சாகம் குறையவில்லை. "எல்லாம் சரி பண்ணிடலாம் அக்கா. படியை இடிச்சுடலாம். விரிப்பைச் சுருட்டிடலாம். கதவை வெளிப்பக்கமா மாட்டிடலாம். ஒரு வாரம் போதும்."

"ம். மேல படி."

"பணியாளர் எண்ணிக்கை ஒண்ணு. வயசு அறுபத்தெட்டு."

"முட்டிவலி உண்டுன்னு போடு."

போட்டேன். அடுத்த கேள்வியைப் படித்ததும் எனக்குப் பெருமை பிடிபடவில்லை. முதியவர் அழைத்தால் எவ்வளவு நேரத்தில் வருகிறார்கள்? "இதுக்கு முழு மார்க். நீ கூப்பிட்டு நான் வராம இருந்திருக்கேனா?"

"இல்ல. ஆனா நான் உன்னைக் கடைசியா எப்போ கூப்பிட்டேன்?"

யோசித்தேன். நேற்று? போன வாரம்? அவள் கட்டிலருகே நான் வாங்கி வைத்த வெண்கல மணியைக் கையில் எடுத்தேன். என் விரலில் தூசி ஒட்டியது.

"நீ எந்திரிக்கும்போது முட்டி நொறுங்கற சத்தம் எனக்குக் கேட்குது" என்றாள் அக்கா. "சுவத்தைப் பிடிச்சுக்கிட்டு வர்றதும் கேட்குது. அதுக்கப்புறம் எப்படிடீ கூப்பிடறது? மத்தியானத்துக்கு மேல நான் தண்ணி குடிக்கிறதில்ல. குடிச்சாத்தானே போகணும்."

"எத்தனை நாளா?"

"அன்னைக்கு நீயும் விழுந்தே பாரு, அதுலேர்ந்து."

அவள் உதட்டைப் பார்த்தேன். வெடித்திருந்தது. வேறு எந்த இல்லமானாலும் நுழைந்த முதல் நிமிடத்தில் அதைப் பார்த்திருப்பேன், மேனேஜரை நாலு கேள்வி நறுக்கென்று கேட்டிருப்பேன். அவள் புறங்கையை எடுத்துத் தோலை மெதுவாகக் கிள்ளி விட்டேன். உடம்பில் தண்ணீர் இருந்தால் தோல் சட்டென்று படிந்துவிடும். ஆயிரம் கைகளில் இப்படிப் பார்த்திருக்கிறேன். எனக்குத் தலை பின்னிய கையில் அந்த மடிப்பு அப்படியே நின்றது. தினமும் மூன்று வேளையும் எதிரே உட்கார்ந்து சாப்பிட்டிருக்கிறேன், எனக்குத் தெரியவில்லை.

சமையலறைக்குப் போய் ஒரு டம்ளர் தண்ணீர் கொண்டுவந்தேன்.

"குடிச்சா கூப்பிடணுமே" என்றாள்.

"கூப்பிடு."

குடித்தாள். நடுவில் மூச்சு வாங்கவும் நிறுத்தவில்லை.

நான் உட்கார்ந்து படிவத்தின் கடைசிக் கட்டத்தை நிரப்பினேன். இருபத்தெட்டு வருடம் எழுதிய அதே அரசாங்கத் தமிழில்தான் எழுத வந்தது. 'இவ்வில்லத்தில் முதியவர் ஒருவர் தாகத்துடன் வைக்கப்பட்டிருக்கிறார். தகுதியில்லை.' தேதி போட்டு, கையெழுத்துப் போட்டேன். பிறகு பத்தாவது இல்லத்துக்குப் போன் செய்து, அறை காலியாக இருந்தால் நாளைக்கே அழைத்து வருகிறேன் என்றேன். இருக்கிறது என்றார்கள்.

போனை வைத்தபோது அக்கா காலி டம்ளரை நீட்டிக்கொண்டிருந்தாள்.

"இன்னும் கொஞ்சம் கொடு" என்றாள்.