பிரீசருக்குள் ரியோஹா

என் மனிசன் குகநாதன் அந்தப் போத்தலை இரண்டாவது தடவையும் பிரீசருக்குள் வைத்துவிட்டு வந்தார். பட்டாணிப் பைக்கும் மீன் பார்சலுக்கும் நடுவில்! மரப்பீப்பாயிலும் போத்தலிலுமாக ஐந்து வருடத்துக்கு மேல் கிடந்து பக்குவப்பட்ட ரியோஹா என்ற ஸ்பெயின் நாட்டுச் சிவப்பு வைன் அது. நான் வெளியில் எடுத்து வைத்ததற்கு, வைன் என்றால் சில்லென்று இருக்கவேண்டும், உமக்கென்ன தெரியும் என்றார்.

எனக்கென்ன தெரியுமாம். லண்டன் ஹவுன்ஸ்லோவில் சுப்பர்மார்க்கெட் ஒன்றில் பதினொரு வருடமாக வைன் பகுதியைப் பார்க்கிறவள் நான். கடையில் வைத்த மூன்று பயிற்சியிலும் பாஸ். ஒரு வாய் எடுத்துச் சுவைத்துவிட்டு நாகரிகமாகத் துப்பவும் தெரியும். ஆனால் எங்கள் சனத்துக்குச் சொல்லியிருப்பது, நான் ரொட்டி விற்கும் பாண் பகுதியில் வேலை என்று. மனிசி குடிவகை விற்கிறாள் என்று ஒருவரும் கதைத்துவிடக் கூடாதாம். இவர் கலியாண மண்டபங்களுக்கு வெளியே, கார் டிக்கியைத் திறந்துவைத்துக்கொண்டு விஸ்கி குடிக்கலாம். அதில் மட்டும் மானம் போகாது.

அன்று ஞாயிறு மத்தியானம். மகள் சாருஜா விரும்பிய பெடியனின் தாய் தகப்பன் கலியாணம் பேச வந்திருந்தார்கள். போத்தலைக் கொண்டுவந்தது தகப்பன் தில்லையம்பலம்தான். சம்பந்தம் சரிவரும்வரைக்கும் வேலைக் கதை எடுக்கவேண்டாம் என்று காலையிலேயே இவர் எனக்கு உத்தரவு போட்டிருந்தார். மகளுக்காகத் தலையாட்டினேன். அவர்கள் வந்து இருந்த கையோடு, "இவ பாண் செக்‌ஷனில நிக்கிறா" என்று இவர் முந்திக்கொண்டார். கனகாம்பிகை, பெடியனின் தாய், நல்ல வேலை என்றா. நானும் சிரித்தேன். அந்தச் சிரிப்பை நினைத்தால் இப்போதும் பற்றிக்கொண்டு வருகிறது.

விறைத்துப்போன வைனை ஊற்றி, பக்கத்தில் சூரைமீன் பொரியலையும் வைத்தார் இவர். ஆட்டிறைச்சிக் கறி பிறகு சோற்றோடாம். தில்லையம்பலம் மீனைக் கடித்து, வைனில் ஒரு மிடறு இழுத்து, முகத்தைச் சுளித்தார்.

"இரும்பை நக்கின மாதிரிக் கிடக்கு. ஏமாத்திப்போட்டாங்கள்."

போனை எடுத்து ஒரு படத்தைக் காட்டினார். கடைத் தட்டில் இந்த வைனுக்குக் கீழே செருகியிருந்த அட்டையாம். ஆட்டிறைச்சி, செம்மறிப்பால் சீஸ், சுட்ட கறிமிளகாய் இவற்றோடு நல்லாயிருக்கும் என்று ஆங்கிலத்தில் எழுதியிருந்தது. அதை நம்பித்தான் வாங்கினாராம். எழுதின ஆளுக்கு ஒரு கோதாரியும் தெரியாது என்றார். மீனை மென்றுகொண்டே சொன்னார்.

அட்டையில் இருந்தது என் கையெழுத்து. இவருக்கும் அது தெரியும். எனக்கு முகம்கொடுக்காமல், "வெள்ளையள் என்னத்தையும் எழுதுவினம், அண்ணை" என்று சேர்ந்து சிரித்தார். தில்லையம்பலத்தில் எனக்குக் கோபம் வரவில்லை. இந்தச் சிரிப்பில்தான் வந்தது.

"அதை எழுதினது நான், அண்ணை," என்றேன். "நான் வேலை செய்யிறது வைன் செக்‌ஷனில. பாண் பக்கம் ஒருநாளும் நிண்டதில்லை. உங்கட வைனில ஒரு பிழையும் இல்லை. பிரீசரில வைச்சு விறைக்கப்பண்ணி, மீனோட தந்தால் இரும்பு மாதிரித்தான் இருக்கும்."

கனகாம்பிகை புருஷனைப் பார்த்தா. சாருஜா தன் கோப்பையை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தாள். பிள்ளையின் வாழ்க்கையைக் கெடுத்துவிட்டேனோ என்று யோசித்தேன். ஆனாலும் அந்தப் பொய்க்குள் திரும்பிப்போக எனக்கு ஏலாது.

"வைன் அரை மணித்தியாலம் வெளியில நிக்கட்டும், பிறகு குடிச்சுப் பாருங்கோ," என்று தில்லையம்பலத்துக்குச் சொல்லிவிட்டு, இவர் பக்கம் திரும்பினேன். "நீங்கள் போய் ஆட்டிறைச்சிக் கறியைச் சூடாக்கிக் கொண்டு வாங்கோ."

என்னைப் பார்த்தபடி எழும்பிப் போனார். அவர் எழும்பின கதிரையில் நான் போய் இருந்தேன். தில்லையம்பலம் கிளாசைக் கீழே வைக்கவும் இல்லை, குடிக்கவும் இல்லை. குசினியில் அலுமாரி லாச்சிகளை ஒவ்வொன்றாக இழுத்து மூடும் சத்தம் கேட்டது. அகப்பை எங்கே கிடக்கிறது என்று இவர் அங்கிருந்து கேட்டார். கொஞ்ச நேரம் பொறுத்து, இன்னொரு தடவையும் கேட்டார். நான் எழும்பவில்லை.